நாற்பத்தேழாம் செடியின் கதிர்

ஜனவரி 9

அடி தும்மல்காரி,

கடிதத்தைப் பார்த்ததும் பயந்துவிடாதே. இங்கே யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போன் பண்ணினால் "மீட்டிங்ல இருக்கேன் அண்ணி, அப்புறம் கூப்பிடறேன்" என்கிறாய். நான்கு முறை ஆயிற்று, அந்த அப்புறம் வரவே இல்லை. இவ்வளவு மீட்டிங் போட்டால் செடிக்கு யார் தண்ணீர் ஊற்றுவது? கடிதம் என்றால் நீ எப்போது வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம். என் குரலும் காதில் விழாது.

வேலை போய் இங்கே வந்து ஏழு வாரம் ஆகிறது. வீடு மூன்றாவது மாடி. சமையலறை ஜன்னலில் துறைமுகம் தெரிகிறது. உன் அண்ணன் வேலைக்குக் கிளம்பும்போது, "மஞ்சளா ஒரு கிரேன் தெரியும் பாரு, அதுல நான்தான் இருப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறார். பதினாறு கிரேன் நிற்கிறது, பதினாறும் மஞ்சள். நானும் ஏதோ ஒன்றைப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டு அடுப்புக்குத் திரும்புகிறேன்.

சொல்ல வந்ததைச் சொல்கிறேன். கிளம்புகிற அன்று உன்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் வண்டியில் ஏறிவிட்டேன். கோபம் என்று நினைத்திருப்பாய். கோபமெல்லாம் இல்லை, வெட்கம். பதினொரு வருஷத்துக்கு முன்னால் ஆராய்ச்சி நிலையத்து இயக்குநரிடம் போய், "எங்க அண்ணிக்குப் பார்வை ரொம்பக் கூர்மை சார், ஒரு வாரம் வெச்சுப் பாருங்க" என்று எனக்காகக் கெஞ்சியவள் நீ. அந்தப் பார்வைதான் உன் நாற்பத்தேழைக் கெடுத்துவிட்டது.

முதல் நாள் நீ எனக்கு விளக்கியது அப்படியே ஞாபகம் இருக்கிறது. "மக்காச்சோளத்துல சுத்தமா ஒரு ரகம் எடுக்கணும்னா எட்டுப் பருவம் அதை அதோடயே சேர்த்துச் சேர்த்து வளர்க்கணும் அண்ணி. நாங்க அதை ரெண்டு பருவத்துல முடிக்கிறோம்." நல்ல செடிக்கு அந்த ஊதாக்காரச் செடியின் மகரந்தத்தைத் தூவினால், நூறு மணியில் எட்டோ ஒன்பதோ அப்பனை ஒதுக்கிவிட்டு அம்மாவின் பாதியோடு மட்டும் உருவாகும். அது ஒத்தை. மற்றதெல்லாம் ரெட்டை. ஒத்தையை முளைக்கவைத்து மருந்தில் நனைத்தால், இருக்கிற பாதியே தன்னை இன்னொரு முறை படியெடுத்துக்கொண்டு முழுசாகிவிடும். இரண்டு பாதியும் ஒன்றேபோல் இருப்பதால் கலப்பு என்ற பேச்சே கிடையாது. பத்தாவது தாண்டாத எனக்கே புரிந்தது என்றால் நீ சொன்ன விதம் அப்படி.

ஒத்தையைப் பொறுக்குவது என் வேலை. மணியின் தலையில் ஊதா, உள்ளே கருவிலும் ஊதா என்றால் ரெட்டை, கூடைக்கு. தலை ஊதா, கரு வெள்ளை என்றால் ஒத்தை, தட்டுக்கு. ஒரு நாளைக்கு நாலாயிரம் மணி. எல்லோரும் "ஊதாக்கா, ஊதாக்கா" என்று கூப்பிட்டபோது தலைகால் புரியவில்லை எனக்கு. அப்பேர்ப்பட்ட ஊதாக்கா ஒரு ரெட்டையைத் தட்டில் போட்டிருக்கிறாள். அது நாற்பத்தேழாம் தொட்டிக்குப் போய், நீ அதை நம்பி மூன்று வருஷம் வளர்த்து, கடைசியில் விதைப்பெருக்க வயலில் ஒரு செடி உன் உயரம், அடுத்த செடி என் இடுப்பு உயரம் என்று பல்லிளித்துவிட்டது. அந்த வயலோரம் நீ நின்ற கோலம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

இங்கே பக்கத்தில் ஒரு மாத்திரைக் கம்பெனி. மாத்திரை உடைந்திருக்கிறதா, நிறம் மாறியிருக்கிறதா என்று பார்க்கிற வேலைக்குக் கூப்பிட்டார்கள். முடியாது என்றுவிட்டேன். சோளத்தில் தவறினால் வயல் போகும். மாத்திரையில் தவறினால் யார் போவார்களோ. அட்டைப்பெட்டி மடிக்கிற பிரிவில் சேர்ந்திருக்கிறேன். அதற்குக் கண் வேண்டாம், கை போதும்.

என்னை மன்னித்துவிடு.

உன் அண்ணி


ஜனவரி 22

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. நீங்களும் அண்ணனும் நலமாக இருப்பது அறிந்து மகிழ்ச்சி.

நீங்கள் என்னிடம் மன்னிப்பெல்லாம் கேட்கக் கூடாது. நடந்தது நடந்துவிட்டது. இது போன்ற ஆராய்ச்சியில் எந்தக் கட்டத்திலும் பிழை நுழையலாம். யார்மேல் என்று குறிப்பாகச் சொல்ல முடியாது. அறிக்கையில்கூட "பிரித்தெடுக்கும் கட்டத்தில் நேர்ந்திருக்கக்கூடும்" என்றுதான் எழுதியிருக்கிறது. உறுதியாக எதுவும் சொல்லவில்லை. அதைப் பற்றி யோசித்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

மணி பிரிக்க, கேமரா வைத்த யந்திரம் வந்துவிட்டது. உங்கள் மேசை இருந்த ஜன்னலோரத்தில்தான் வைத்திருக்கிறார்கள். உங்கள் முக்காலி விதைக் கிடங்கில் கிடக்கிறது. கொஞ்சம் ஈரமான மணி வந்தால் போதும், எல்லாவற்றையும் ரெட்டை என்று தள்ளிவிடுகிறது. இயக்குநர் "போகப்போகப் பழகிடும்" என்கிறார். யந்திரத்துக்கா எங்களுக்கா என்று தெரியவில்லை. நேற்று அது தள்ளிய கூடையைக் கிளறிப் பார்த்தேன். பதினேழு நல்ல ஒத்தை இருந்தது.

மாத்திரை வேலையை நீங்கள் விட்டிருக்க வேண்டாம். உங்கள் கண்ணில் கோளாறு எதுவும் இருக்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நம்பிக்கை இல்லையென்றால் ஒரு டாக்டரிடம் காட்டுங்கள். அவரே சொல்லிவிடுவார். மனதும் நிம்மதியாகும்.

இங்கே வேலை அதிகம். அதனால்தான் போன் எடுக்க முடியவில்லை. வேறு காரணம் இல்லை.

அன்புடன்,
தும்மல்காரி


பிப்ரவரி 4

அடி தும்மல்காரி,

நீ சொன்னபடியே டாக்டரிடம் போனேன்.

முதல் டாக்டர் சின்ன வயசு. எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை படிக்கவைத்துவிட்டு, "ஐம்பத்திரண்டு வயசுக்கு இது நல்ல கண்ணும்மா, போயிட்டு வாங்க" என்று சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நல்ல கண் என்றால் ரெட்டை எப்படித் தட்டுக்குப் போனது? அவரிடம் ஊதாவையும் வெள்ளையையும் பற்றிச் சொல்லி எத்தனை நேரம் வாதாட முடியும்?

அதனால் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்த டாக்டர் பொறுமையாகக் கேட்டார். வெகுநேரம் உள்ளே விளக்கடித்துப் பார்த்தார். "வலது கண்ணுல ஆரம்பப் புரை லேசா இருக்கு. அவசரம் ஒண்ணும் இல்ல. ஆனா வேலையைப் பாதிக்குதுன்னா எடுத்துடலாம்" என்றார். "பாதிச்சாச்சு டாக்டர், வேலையே போயிடுச்சு" என்றேன். மார்ச் பதினான்காம் தேதி நாள் குறித்திருக்கிறார்கள். வலது கண் முதலில். இரண்டு மாசம் கழித்து இடது.

உன் அண்ணன் பயப்படுகிறார். எனக்குப் பயமில்லை. எந்தக் கண் உன்னைக் கவிழ்த்ததோ அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வைத்துக்கொண்டு, நேரே இயக்குநரிடம் வந்து, "இப்ப ஒரு தட்டுக் கொடுங்க, பார்ப்போம்" என்று கேட்கப்போகிறேன். யந்திரத்துக்கும் எனக்கும் போட்டி.

ஒன்று மட்டும் தெரிய வேண்டும். மனசை அரித்துக்கொண்டே இருக்கிறது. நாற்பத்தேழின் முதல் கதிரில் ஊதா மணி எத்தனை இருந்தது? நான் ரெட்டையை விட்டிருந்தால், அது ஊதாக்காரனின் பிள்ளை. அதன் கதிரில் நாலுக்கு மூன்று மணி ஊதாத் தொப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதைப் பார்த்த நாளே உனக்கு வயிறு எரிந்திருக்கும், என்னிடம் சொல்லாமல் விழுங்கியிருக்கிறாய், என்று நினைத்து நினைத்து அழுகிறேன். எத்தனை என்று சொல்லிவிட்டால் அந்த எண்ணோடு இருந்துவிட்டுப் போவேன்.

அண்ணி


பிப்ரவரி 13

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்ததிலிருந்து கை ஓடவில்லை. தயவுசெய்து அவசரப்படாதீர்கள். நான் டாக்டரிடம் காட்டச் சொன்னது சந்தேகம் தீரத்தான், அறுத்துக்கொள்ள அல்ல.

ஆரம்பப் புரைக்கு யாரும் ஆபரேஷன் செய்துகொள்வதில்லை. பத்து வருஷம்கூட அப்படியே இருக்கும். என்னோடு வேலை செய்யும் வேதியியல்காரி இருக்கிறாளே, அவளுடைய மாமியாருக்கு முற்றிப்போன பிறகுதான் எடுத்தார்கள். அதற்கும் ஒரு மாதம் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லையாம். முதல் டாக்டர் சொன்னதை ஏன் நம்ப மறுக்கிறீர்கள்? சின்ன வயசு என்றால் படிக்காதவரா? சின்ன வயசுக்காரர்கள்தான் புதிதாகப் படித்தவர்கள்.

அண்ணன் என்ன செய்துகொண்டிருக்கிறார்? இவ்வளவு உயரத்தில் பெட்டியைத் தூக்கி இறக்குகிறவருக்கு வீட்டில் நடப்பது தெரியவில்லையா? நாள் குறிக்கிற வரைக்கும் விட்டிருக்கிறாரே. எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வருகிறது. சொட்டு மருந்து, கண்ணுக்குப் பயிற்சி என்று எத்தனையோ இருக்கிறது. வெளிச்சம் போதாத இடத்தில் வேலை செய்தாலே கண் களைத்துவிடும். நம் ஜன்னலோர மேசையில் சாயங்கால வெளிச்சம் எவ்வளவு மோசம் என்று உங்களுக்கே தெரியும். அதற்கெல்லாம் கண்ணைக் குற்றம் சொல்லலாமா?

நீங்கள் திரும்பி வந்து போட்டியெல்லாம் போட வேண்டாம் அண்ணி. யந்திரம் ஒரு பக்கம் இருக்கட்டும். மாத்திரைக் கம்பெனியில் இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள்.

கதிரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மூன்று வருஷம் ஆகிவிட்டது. விவரங்களைத் தேடிப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

நான்கு பக்கம் ஆகிவிட்டது. ஆபரேஷனைத் தள்ளிப்போடுங்கள். என்னை நம்புங்கள்.

தும்மல்காரி


பிப்ரவரி 21

நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். வேதியியல்காரியின் மாமியார் இருக்கிறாள், சொட்டு மருந்து இருக்கிறது, உன் அண்ணனுக்கு அர்ச்சனை இருக்கிறது. நான் கேட்ட ஒன்று மட்டும் இல்லை.

தேடிப் பார்க்க வேண்டுமாம். யாரிடம் கதை விடுகிறாய்? உன் மேசைக்கு இரண்டு இழுப்பறை. மேலே தும்மல் மாத்திரை, கீழே முதல் கதிர்கள், எண் வரிசைப்படி. அடுக்கிவைத்தவள் நான். நாற்பத்தேழு இடது மூலையில் இருக்கும். குனிந்து எடுக்க உனக்கு மூன்று வருஷமா ஆகும்?

பெட்டி மடிக்கும்போது கைக்குத்தான் வேலை, மண்டை சும்மா இருக்கிறது. அதனால் எல்லாம் ஞாபகம் வருகிறது. கண்ணாடிக்கூடத்தில் உனக்கு டீ கொண்டுவந்து கொடுத்தேன். நாற்பத்தேழாம் செடி கதிர் நுனியில் பட்டு நூலை நீட்டிக்கொண்டு நின்றது. நான் அதன் பூங்கொத்தை விரலால் சுண்டினேன். கீழே கறுப்புத் துணி விரித்திருந்தாய். ஒரு பொட்டு மகரந்தம் விழவில்லை. பக்கத்தில் வந்து நின்றும் உனக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. "இது மலடுடி, இதுக்குப் போய் ஏன் உசுரை விடறே?" என்றேன். நீ காலி டம்ளரை என்னிடம் நீட்டினாய். அடுத்த மாசம் அதில் கதிர் முற்றி நிற்கிறது. கதிரில் கட்டிய சீட்டில் உன் கையெழுத்தில் "தன்னோடு தானே" என்று இருக்கிறது. அப்படியென்றால் சொந்த மகரந்தம்தான், ஏதோ ஒரு கிளையில் தூள் வந்திருக்கும் என்று நான் சந்தோஷப்பட்டேன். உனக்காக இனிப்பு வாங்கிவந்தேன்.

உன்னைச் சந்தேகப்பட எனக்கு இஷ்டமில்லை. உனக்கு ஏழு வயசிலிருந்து தலை பின்னிவிட்டவள் நான். பொய் சொன்னால் இடது காதைத் தொடுவாய். கடிதத்தில் காது தெரிய மாட்டேன் என்கிறது.

ஒரே ஒரு எண் எழுது. ஊதா மணி எத்தனை? ஒரு கார்டு போதும்.

அண்ணி


மார்ச் 2

அண்ணி,

பூஜ்யம். ஒரு மணிகூட ஊதா இல்லை.

உங்கள் கண் தவறவில்லை. நீங்கள் நாற்பத்தேழாம் தொட்டிக்குக் கொடுத்தது நல்ல ஒத்தை. கெடுத்தது நான்.

அந்தப் பருவம் உங்களுக்குத் தெரியும். முந்நூற்றுப் பன்னிரண்டு நாற்றை மருந்தில் நனைத்தோம். பாதிக்கு மேல் கருகிப்போனது. பிழைத்ததில் பெரும்பாலானது மலடு. அப்புறம் இலைக்கருகல் நோய் வந்து, கண்ணாடிக்கூடம் முழுக்கப் புள்ளி விழுந்த இலைகள். நாற்பத்தேழில் மட்டும் ஒரு புள்ளி இல்லை. ஏழு வருஷமாக நான் தேடிய செடி அதுதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அதில் மகரந்தம் இல்லை. நீங்கள் சுண்டிப் பார்ப்பதற்கு முன்னால் நான் பதினைந்து தடவை சுண்டிப் பார்த்துவிட்டேன். பட்டு இன்னும் இரண்டு நாளில் காய்ந்துவிடும். காய்ந்தால் அந்தச் செடி ஒரு விதைகூட விடாமல் போய்விடும்.

நீங்கள் டீ டம்ளரை எடுத்துக்கொண்டு போன பிறகு, பக்கத்தில் ஐம்பத்திரண்டாம் செடியின் பூங்கொத்தில் கட்டியிருந்த பையைக் கழற்றினேன். அதில் மகரந்தம் கொட்டிக்கொண்டிருந்தது. நாற்பத்தேழின் பட்டில் கவிழ்த்துத் தட்டினேன். மூன்று முறை தும்மினேன். விதை கிடைக்கட்டும், பிறகு சீட்டை மாற்றி உண்மையை எழுதிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். சீட்டு எழுதும்போது கை தானாக வழக்கமானதையே எழுதியது. தானாக எழுதியது என்று சொல்வதுகூடப் பொய். எழுதினேன்.

அடுத்த பருவத்தில் விதைத்தபோது எல்லாச் செடியும் ஒரே உயரம், ஒரே நாளில் பூத்தது, கதிர் கை நீளம். இரண்டு சுத்தமான செடிக்குப் பிறந்தவை என்பதால் முதல் தலைமுறை எல்லாம் ஒரே அச்சாக, கலப்புக்கே உரிய வீரியத்தோடு வந்தது. எனக்கு அது தெரியும். தெரிந்தும் இயக்குநர் படம் எடுத்தபோது செடிக்குப் பக்கத்தில் நின்று சிரித்தேன். இனிமேல் எப்படிச் சொல்வது என்று ஆகிவிட்டது. எங்கேயாவது நானே தவறாக நினைக்கிறேனோ, நாற்பத்தேழிலேயே கொஞ்சம் தூள் இருந்திருக்குமோ என்றுகூட என்னை நம்பவைத்துக்கொண்டேன். அதற்கடுத்த தலைமுறையில் பெருக்க வயலில் எல்லாம் நெட்டையும் குட்டையுமாகப் பிரிந்து வந்துவிட்டது.

விசாரணைக் கூட்டத்தில் இயக்குநர் கேட்டார்: "பிரிக்கிற இடத்துல தவறியிருக்குமோ? அவங்களுக்கும் வயசாகுது இல்ல?" நான் "தெரியலை சார்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன் அண்ணி. யந்திரம் வேண்டும் என்று ஒரு வருஷமாக மேலிடத்துக்கு எழுதிக்கொண்டிருந்தவருக்கு அது போதுமானதாக இருந்தது. யாரும் கதிரைக் கேட்கவில்லை. மரபணுச் சோதனைக்கு அனுப்பலாமா என்று ஒருவர் கேட்டதற்கு, "கெட்டுப்போனதுக்கு எதுக்கு இன்னும் மூணு மாசம்?" என்று சொல்லிவிட்டார். அறிக்கையைக் கையெழுத்துக்கு நீட்டினார்கள். என் பேனா எழுதவில்லை. பக்கத்தில் இருந்தவர் தன் பேனாவைக் கொடுத்தார். அந்த இடைவெளியிலாவது வாயைத் திறந்திருக்கலாம். நன்றி சொல்லி வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.

அன்று சாயங்காலம் நீங்கள் வாசலில் நின்று "எல்லாம் என்னாலதானேடி?" என்று கேட்டீர்கள். நான் "அழாதீங்க அண்ணி" என்றேன். "இல்லை" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். உங்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, சொல்லாமல் இருந்தேன். அதை நினைத்தால் எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

நேற்று போன் செய்தேன். அண்ணன் எடுத்தார். "என்ன குரல் ஒரு மாதிரி இருக்கு?" என்றார். சளி என்றேன். "உங்க அண்ணியைக் கூப்பிடட்டுமா?" என்றார். வேண்டாம், மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிட்டேன். மீட்டிங் எதுவும் இல்லை. மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். உங்கள் குரலைக் கேட்டுக்கொண்டே இதைச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

இன்று காலை இயக்குநரிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். நகல் இத்துடன் இருக்கிறது. கதிரைத் தனியாகப் பார்சலில் அனுப்புகிறேன். பாதி மணியை அன்று விதைக்க உதிர்த்துவிட்டேன், மீதி அப்படியே இருக்கிறது. நீங்களே பாருங்கள்.

பதினான்காம் தேதிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. இது ஏழாம் தேதிக்குள் வந்துவிடும். ஆஸ்பத்திரிக்குப் போகாதீர்கள் அண்ணி. உங்கள் கண்ணுக்கு ஒன்றும் இல்லை.

தும்மல்காரி


மார்ச் 15

அடியே,

எழுத்து பெரிது பெரிதாக இருக்கும். பொறுத்துக்கொண்டு படி.

உன் கடிதம் ஏழாம் தேதி சரியாக வந்துவிட்டது. தபால்காரரைக் குறை சொல்ல முடியாது. ஆஸ்பத்திரியில்தான் ஐந்தாம் தேதியே கூப்பிட்டுவிட்டார்கள். அன்று செய்துகொள்ள வேண்டிய யாருக்கோ சர்க்கரை ஏறிவிட்டதாம். "இடம் காலியா இருக்கு, இன்னைக்கே வர்றீங்களா?" என்று கேட்டார்கள். நல்லதாகப் போயிற்று, சீக்கிரம் முடிந்துவிடும் என்று ஓடினேன். இருபது நிமிஷம்கூட ஆகவில்லை.

வலது கண்ணில் மூடி ஒட்டியிருந்தது. உன் அண்ணன் "நான் படிச்சுக் காட்டறேன்" என்று கையை நீட்டினார். கொடுக்கவில்லை. இடது கண்ணால் படித்தேன். "பூஜ்யம்" என்று இருந்ததைப் படித்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். நாலு மாசமாக நெஞ்சில் கிடந்த பாறாங்கல்லை யாரோ தூக்கிக்கொண்டு போன மாதிரி இருந்தது. என் கண் தவறவில்லை, தவறவில்லை என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன். அப்புறம்தான் கை தானாகப் போய் அந்த மூடியைத் தொட்டது.

ஒன்றாம் தேதி நீ போன் செய்தபோது நான் அடுப்பில் பால் வைத்துக்கொண்டு நின்றேன். உன் அண்ணன் பேசியது காதில் விழுந்தது. ஐந்தடி தூரம். "வேணாம்னு சொல்லுங்க அண்ணா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், ஏன் எதற்கு என்றுகூடக் கேட்டிருக்க மாட்டேன். நீ மாடிப்படியில் உட்கார்ந்து கடிதம் எழுத யோசித்துக்கொண்டிருந்தாயாக்கும். செடி பட்டுப்போய்விடும் என்று இரண்டு நாளைக்குள் ஓடிப் பையைக் கழற்றத் தெரிந்தது. எனக்கு மட்டும் தபாலில் அனுப்பத் தோன்றியிருக்கிறது. நான் எவ்வளவு அழுதேன் தெரியுமா? உனக்குத் துரோகம் செய்துவிட்டேன் என்று அழுதேன்டி. உன்னிடம் மன்னிப்புக் கேட்டு எழுதினேன், நீ அதையும் வாங்கி வைத்துக்கொண்டு "மகிழ்ச்சி" என்று பதில் போட்டாய். அதை நினைத்தால் உன் கன்னத்தில் நாலு வைக்க வேண்டும் போல் இருக்கிறது.

மூடியை எடுத்துவிட்டார்கள். பார்வை நன்றாகவே இருக்கிறது. டாக்டர் சொல்கிறார், பத்து வருஷம் கழித்து எப்படியும் எடுக்க வேண்டியதுதான் என்று. அதனால் நீ பெரிதாக எதையாவது செய்துகொண்டு தொலைக்காதே. ஆனால் ஒன்று இருக்கிறது. நான் வேலைக்கு வந்த பத்தாவது வருஷத்துக்கு நீங்கள் எல்லோரும் சேர்ந்து எனக்கு ஊதா ஸ்வெட்டர் கொடுத்தீர்களே, அதை எடுத்து விரித்தேன். இடது கண்ணால் பார்த்தால் நம் பழைய ஊதா. வலது கண்ணால் பார்த்தால் நீலம் தூக்கலாக வேறு என்னவோ. இரண்டையும் திறந்தால் எதை நம்புவது என்று தெரியவில்லை. டாக்டரிடம் சொன்னேன். "புது வில்லை தெளிவா இருக்கும்மா, அதான். இடதையும் மாத்திட்டா ரெண்டும் ஒண்ணாயிடும்" என்றார். இடதைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கதிர் நேற்று வந்தது. சமையலறை ஜன்னலோரம் வைத்துப் பார்த்தேன். தொண்ணூற்று நான்கு மணி மிச்சம் இருக்கிறது. இடது கண்ணால் ஒரு முறை எண்ணினேன், வலது கண்ணால் ஒரு முறை எண்ணினேன். ஊதா எதிலும் இல்லை. அழகான கதிர். அதைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும்தான்.

இயக்குநரும் எழுதியிருக்கிறார். வருத்தம் தெரிவிக்கிறாராம். யந்திரம் தள்ளுகிற மணிகளைச் சரிபார்க்க ஆள் வேண்டும், வர முடியுமா என்று கேட்கிறார். உன்னை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருப்பதாகவும் போகிறபோக்கில் ஒரு வரி. முக்காலிக்கு ஆசையாகத்தான் இருக்கிறது. எந்தக் கண்ணால் பார்த்துப் பிரிப்பேன் என்று எனக்கே தெரியாதபோது அவருக்கு என்ன எழுதுவது? இன்னும் பதில் போடவில்லை.

உன் அண்ணனுக்கு எதுவும் தெரியாது. உன் கடிதம் அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை. கிரேன்காரர்கள் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். நேற்று என்னை ஜன்னலுக்கு இழுத்துக்கொண்டு போய், "இப்பவாவது என் கிரேன் எதுன்னு தெரியுதா?" என்று கேட்டார். "தெரியுது" என்றேன். அப்படிச் சந்தோஷப்பட்டார் மனுஷன்.

நான் அவரிடம் சொல்லப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை அவருக்கு விடுமுறை. நீ வந்து, எதிரில் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்துச் சொல். போன் வேண்டாம், கடிதமும் வேண்டாம். நீ சொல்லி முடிக்கிற வரை நான் பக்கத்தில்தான் இருப்பேன். காலை ரயிலில் வந்தால் பதினொரு மணிக்கு வந்துவிடலாம். தும்மல் மாத்திரையை மறக்காமல் எடுத்துக்கொண்டு வா. எதிர்வீட்டு மாடி முழுக்கப் பூச்செடி.

அண்ணி